12 வோல்ட் அடாப்டரிலிருந்து 24-0-24 டிரான்ஸ்ஃபார்மருக்கு: ஒரு ஆம்ப் அனுபவம்

நல்ல ஸ்பீக்கரை வாங்கிவிட்டு, அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரில் (சுருக்கமாக ஆம்ப்) கையை இறுக்குவது நம் ஊரில் சகஜம். என் வீட்டு ஹாலில் இருப்பது எலாக் டெபியூ பி6.2 ஸ்பீக்கர் ஜோடி. கனத்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், மின்தடை 6 ஓம், சென்சிட்டிவிட்டி (அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) 87 டெசிபல். அதை ஓட்டிக்கொண்டிருந்தது உள்ளங்கை அளவு புளூடூத் ஆம்ப் ஒன்று. அட்டையில் 50+50 வாட் என்று போட்டிருந்தது. செய்தி, சீரியல், மெல்லிசைக்கு அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாதஸ்வரக் கச்சேரி போட்டால்தான் குட்டு வெளிப்படும். தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் இறங்கியதும், கூடு மாட்டிய விரல் வலந்தலையில், அதாவது தவிலின் வலது முகத்தில், 'ணங்' என்று தெறிக்க வேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல 'டப்' என்று அமுங்கும். வால்யூமை ஏற்றினால் கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது டிவீட்டர், கரகரக்கும்.

காரணம் அடாப்டரில் இருந்தது. உள்ளே இருக்கும் டிபிஏ 3116 சிப் 50 வாட் கொடுக்கும்தான், ஆனால் 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு. கூடவே வந்த அடாப்டரோ 12 வோல்ட். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள்: என் 6 ஓம் ஸ்பீக்கருக்கு 144-ஐ 12-ஆல் வகுத்தால் 12 வாட். ஒரு சானலுக்கு அதற்கு மேல் சுத்தமான சத்தம் வராது.

12 வாட் போதாதா என்றால், பெரும்பாலான நேரம் தாராளமாகப் போதும். என் ஹாலில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சராசரியாக 80 டெசிபலில் கேட்க ஒரு வாட் அளவுதான் செலவாகும். ஆனால் தவில், மிருதங்கம் மாதிரி வாத்தியங்களில் ஒவ்வொரு அடியும் சராசரியைவிட 15, 20 டெசிபல் எகிறும். 3 டெசிபல் ஏற பவர் இரண்டு மடங்கு வேண்டும். 17 டெசிபல் என்றால் 50 மடங்கு. அந்த ஒரு கணத்துக்கு 50 வாட் கேட்கிறது, ஆம்ப் 12-லேயே முட்டி நின்றுவிடுகிறது. அலையின் உச்சி சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். விடாமல் இப்படி ஓட்டினால் முதலில் கருகுவது டிவீட்டர்தான்.

புது ஆம்ப் வாங்குமுன் செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மாட்டுவது. இந்தச் சிப் 26 வோல்ட் வரை தாங்கும். ஆனால் போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 25 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். 16 என்றிருந்தால் தொடாதீர்கள். என் போர்டு தப்பித்தது. 12 வாட் 30 ஆனது, காசு செலவில்லாமல். பலருக்கு இதுவே போதும் என்பேன்.

எனக்குப் போதவில்லை. ஹோம் தியேட்டருக்கான ஏவி ரிசீவர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. இரண்டு ஸ்பீக்கருக்கு ஐந்து சானல் எதற்கு? டிபிஏ 3255 சிப் வைத்த சின்ன ஆம்ப் பெட்டிகளை நண்பர் வீட்டில் ஓடவிட்டுக் கேட்டேன், நன்றாகவே இருந்தன. ஆனால் அங்கேயும் '300 வாட்' கதைதான். 32 வோல்ட், 5 ஆம்ப்ஸ் (இது ஆம்ப்ளிஃபயர் இல்லை, கரண்டின் அளவான ஆம்பியர்) அடாப்டர் என்றால், இரண்டையும் பெருக்க, உள்ளே போவதே மொத்தம் 160 வாட். வெளியே எப்படி 300 வரும்?

கடைசியில் ஆளை வைத்து அசெம்பிள் செய்துகொண்டேன். எங்கள் பகுதி மெக்கானிக்கிடம், "எத்தனை வாட்ஸ் வரும்ண்ணே?" என்று கேட்டதற்கு, "வாட்ஸை விடுங்க தம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்ப்ஸ்னு கேளுங்க" என்றார். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த 24-0-24 (நடு ஒயரின் இருபக்கமும் 24 வோல்ட் ஏசி), 5 ஆம்ப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், 5200, 1943 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர் ஜோடி வைத்த போர்டு. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், முக்கால்வாசி எடை டிரான்ஸ்ஃபார்மர்தான். டிசி ஆக்கிய பிறகு பிளஸ் 34, மைனஸ் 34 வோல்ட். சானலுக்கு 60, 70 வாட் தேறும்.

சத்தம் எவ்வளவு கூடியது? பழைய 12 வாட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 8 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், ஆக 'வீடே அதிர்ந்தது' என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்டால் பழைய ஆம்புக்கும் இதற்கும் என் காதுக்கு வித்தியாசமே இல்லை. பகலில், நல்ல வால்யூமில், தவில் அடி அடியாகப் பிரிந்து விழுகிறது. நாதஸ்வரம் உச்சத்தில் நிற்கும்போது கூசுவதில்லை. நான் கொடுத்த காசு இதற்குத்தான்.

தொல்லைகளும் உண்டு. ஆரம்பத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் திருப்பி வைத்து, எர்த் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்ததும் போனது. கரண்ட் போய் எங்கள் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறினால் டிரான்ஸ்ஃபார்மர் முனகும், அதற்கு வழியில்லை. கோடையில் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு, ஹீட் சிங்க், நன்றாகவே சுடுகிறது. மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைக்கவே கூடாது. வால்யூம் கண்ட்ரோலில் தூசி ஏறிக் கரகரத்து, ஒருமுறை மாற்றினேன்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த 34 வோல்ட் டிசி நேராக வூஃபர் காயிலுக்குள் போய் அதை எரித்துவிடும். ஆன் செய்து சில நொடி கழித்து, ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே சுவிட்ச் 'டிக்' என்றால் போர்டு இருக்கிறது என்று அர்த்தம்.

நம்பகமான மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அந்த 3255 பெட்டியையே சொல்வேன், 48 வோல்ட் அடாப்டரோடு வாங்குங்கள். அதில் ஹம், சூடு, முனகல் எதுவும் பெரிதாக இருக்காது. எங்கள் வீட்டில் இப்போதைய புகார் ரிமோட் இல்லை என்பது மட்டும்தான். மோட்டார் வைத்த வால்யூம் கண்ட்ரோல் கிடைக்கிறதாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.