குழந்தைகள் ஐசியூவில் 11 நாள்: ஒரு மாமாவின் மதிப்பீடு

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். போட்டால் லோயர் கடிதம் வரும் என்று மச்சான் பயப்படுகிறார். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, நாலாம் மாடியில் குழந்தைகள் ஐசியூ, ஆறு கட்டில். என் தங்கச்சியின் மகள் அங்கே 11 நாள் இருந்தாள். வெள்ளவத்தையில் என் போட்டோகொப்பிக் கடைக்கு வருகிறவர்கள் "அண்ணை, அங்க எப்பிடி?" என்று இன்னும் கேட்கிறார்கள். இங்கே சொல்வதில் முக்கால்வாசி எந்த ஐசியூவுக்கும் பொருந்தும் என்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

சின்ன விசயங்களை முதலில் முடித்துவிடுவோம். சுத்தம் நல்லம். மூன்று லிஃப்டில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது. கன்டீனில் பிளேன்ரீ குடிக்கலாம், பால் ரீயைத் தொடாதீர்கள். இரவில் தங்க ஒரு ஆளுக்குத்தான் கதிரை. மற்றவர்கள் படிக்கட்டில்தான். மிஸ்ஸிமாருக்கு, அதாவது தாதிமாருக்கு, ஐந்துக்கு ஐந்து. பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் "குஞ்சு, திருப்பப் போறன் என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்கள். ரியூப் போட்ட பிள்ளை பதில் சொல்லாது என்று தெரிந்தும் சொன்னார்கள்.

இனி, முடிவு எடுக்கிற விசயம்.

குஞ்சுவுக்கு வந்தது எஸ்எம்ஏ (ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி), முதலாம் வகை. முள்ளந்தண்டில் தசைகளை இயக்குகிற நரம்புக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற பரம்பரை நோய். தாயிடமும் தகப்பனிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று ஒளிந்திருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கச்சியும் மச்சானும் சொந்தம்கூட இல்லை. நாங்கள் வெள்ளவத்தைச் சைவம், அவர்கள் கொட்டாஞ்சேனை வேதக்காரர். இருந்தும் வந்தது. பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை, கால் இரண்டும் தவளைக் கால் மாதிரி விரிந்து கிடக்கும், அழுதால் பூனைக்குட்டியின் சத்தம்தான் வரும். ஆனால் மூளைக்கு இந்த நோய் கை வைப்பதில்லை. ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பாள், என் மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பாள், தாய் அறையை விட்டுப் போனால் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மருந்து கிடைக்காத பிள்ளைகளில் பெரும்பாலானவை இரண்டு வயதுக்குள் போய்விடும், அல்லது நிரந்தரமாக மூச்சு மெசினோடு தங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் நோயைக் கண்டுபிடித்தபோதே இதைச் சொல்லியிருந்தார்கள்.

எட்டாம் மாதத்தில் சளி நெஞ்சுக்குள் இறங்கியது. ஐசியூவுக்குக் கொண்டுபோன அன்று இரவு இரண்டு மணிக்கு ஒரு இளம் டொக்டர் வெளியே வந்தார். மச்சானிடம் ஒரு தாளையும் பேனையையும் நீட்டி, "மூச்சு நிக்கப் போகுது, ரியூப் போடவா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்? கையெழுத்து வைத்தார். வெண்டிலேட்டர் ஏறியது. அந்தப் பொடியனில் நான் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கு நிற்க நேரம் இல்லை. ஐந்தாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில் எத்தனை கிளினிக் போனோம்! இப்படி ஒரு இரவு வந்தால் என்ன செய்யலாம் என்று ஒருவரும் எங்களை இருத்திக் கதைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிறை பார்த்தார்கள், எழுதினார்கள், அடுத்த திகதி தந்தார்கள். என் முதல் முறைப்பாடு இதுதான். நாங்களாகவும் கேட்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

இரண்டாவது முறைப்பாடு கவுண்டர். பிள்ளையை எடுக்கும்போதே ஐந்து லட்சம் கட்டினோம். மூன்றாம் நாள் துண்டு வந்தது, பின்னேரம் நாலு மணிக்குள் இன்னும் நாலு லட்சம். கவுண்டர்ப் பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள், குறை இல்லை. ஆறாம் நாள் தங்கச்சியைப் பார்த்து, "மிஸ், கன்டினியூ பண்ணுறீங்களா, இல்லாட்டி வேற இடம் மாத்துறீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது காசுக் கணக்கை. தங்கச்சிக்குக் கேட்டது வேறு. லிஃப்டுக்குப் பக்கத்தில் சுவரோடு சரிந்து இருந்துவிட்டாள்.

இங்கே ஒரு விசயம். பொரளையில் லேடி ரிட்ஜ்வே இருக்கிறது, பிள்ளைகளுக்கென்றே உள்ள பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கட்டத் தேவையில்லை. "முதலே அங்க கொண்டுபோயிருக்கலாமே" என்று பிறகு பலர் சொன்னார்கள். பயத்தில் ஓடுகிறவன் கிட்ட இருக்கிற கதவைத்தான் தட்டுவான்.

காசு எங்கிருந்து வந்தது? வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வந்தது. காசோடு வாயும் வந்தது. குடும்ப வட்சப் குழுவில் 23 பேர். ரொறன்ரோச் சித்தப்பா ஒருத்தராகவே பத்து லட்சம் போட்டவர். "என்ன செலவெண்டாலும் மெசினைக் கழட்ட விடாதேங்கோ" என்று குரல் பதிவு போட்டார். நல்ல மனுசன். ஆனால் குஞ்சுவை ஒரு நாளும் தூக்கியதில்லை. சொல்ஜென்ஸ்மா என்ற மரபணு ஊசிக்குக் காசு சேர்ப்போம் என்றும் சொன்னார். 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அதன் விலை 21 லட்சம் டொலர். ரூபாயில் அல்ல, டொலரில். காசை விடுங்கள், நரம்புக் கலங்கள் செத்து, மூச்சே மெசினில் ஓடுகிற நிலைக்கு வந்த பிறகு அந்த ஊசி போனதைத் திருப்பித் தராது என்று டொக்டர் பிறகு விளக்கினார்.

லண்டன் மச்சாள் சார்லி கார்ட்டின் கதையைப் போட்டார். 2017ல் லண்டனில் நடந்தது. கலங்களுக்குச் சக்தி கிடைக்காத மைட்டோகொண்ட்ரியா நோய் உள்ள குழந்தை, மெசினில் இருந்தது. பெற்றோர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்க 13 லட்சம் பவுண் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி மறுத்துக் கோர்ட்டுக்குப் போனது. கீழிருந்து மேல் வரை எல்லாக் கோர்ட்டும், கடைசியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்கூட, பெற்றோர் பக்கம் நிற்கவில்லை. யூலை 28ம் திகதி, முதல் பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருக்க, பிள்ளை இறந்தது. அந்த நாட்டில் பெற்றோரும் டொக்டரும் ஒத்துவராவிட்டால் பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிபதிதான் முடிவு சொல்வார். மச்சாள் இதை ஏன் போட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதை வாசித்துவிட்டு, கோர்ட்டும் கேசும் வந்துவிடுமோ என்று எங்கள் மச்சான் ஒரு இரவு நித்திரை கொள்ளவில்லை. எங்களை ஒருவரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை, கவுண்டருக்குத்தான் கூப்பிட்டார்கள்.

மச்சானின் அம்மாவுக்கு வேறு கவலை. மெசினை எடுத்தால் கொலைப் பாவம் என்று அழுதார். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனார். அவருக்குத் தெரிந்த ஒரு ஃபாதர்தான் பதில் சொன்னார். 1957லேயே பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர் மயக்க மருந்து டொக்டர்மாரிடம் பேசும்போது, வழக்கத்துக்கு மிஞ்சிய வைத்தியத்தைக் கட்டாயம் தொடரவேண்டும் என்று இல்லை எனச் சொல்லியிருக்கிறாராம். மாமி அதற்குப் பிறகு அழுதார், ஆனால் பாவம் என்று சொல்லவில்லை. எங்கள் அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. தேவாரப் புத்தகத்தோடு ஒரு மூலையில் இருந்தார்.

மூன்றாவது முறைப்பாடு எனக்குத் தொழில் சம்பந்தமானது. ஏழாம் நாள் ஒரு படிவம் தந்தார்கள். இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி மறுபடி ஓடவைக்க முயலவேண்டுமா, மெசின் தொடரவேண்டுமா என்று கேட்கிற படிவம். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் சிங்களம். கொப்பியின் கொப்பியின் கொப்பி, ஓரத்து எழுத்து பாதி தின்றுபோயிருந்தது. 1987ல் அரசியலமைப்பின் 13ம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. தனியார் ஆஸ்பத்திரிக்கு அது எட்டவில்லை போல. கடைக்குக் கொண்டுவந்து, இரவு இருந்து நானே தமிழில் அடித்தேன். ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். மெசினை வைக்காமல் விடுவது ஒன்று, வைத்ததை எடுத்து விடுவது ஒன்று. இரண்டாவதற்கு "சிகிச்சையைக் கைவிடுதல்" என்று போட்டிருந்தேன். தங்கச்சி விரலை வைத்துக் காட்டினாள்.

"அண்ணா, கைவிடுதல் எண்டு போடாதேங்கோ. நான் கைவிடேல்ல."

அழித்துவிட்டு "மெசினை எடுத்தல்" என்று அடித்தேன். மொழிபெயர்ப்பில் எனக்குக் கிடைத்த ஒரே திருத்தம்.

இனி ஏன் மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன் என்று சொல்லவேண்டும். காரணம் அந்த டொக்டர், பெண், சிங்களவர். எட்டாம் நாள் பின்னேரம் எங்களைக் கூப்பிட்டார். ரொறன்ரோவை ஃபோனில் போடட்டுமா என்று மச்சான் கேட்டார். "தாய், தகப்பன், அவங்களுக்கு வேண்டிய ஒருத்தர், போதும்" என்றார். நான் வழக்கம்போல மொழிபெயர்க்கத் தயாரானேன். ஹட்டன் பக்கத்துத் தமிழ் மிஸ்ஸி ஒருவரை அழைத்து இருத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ்ஸி மொழிபெயர்ப்பாங்க. நீங்க அண்ணனா இருங்க." எட்டு நாளாக நான் வாய் மட்டும்தான். அந்தக் கதிரையில்தான் முதல் முறையாக அழுதேன்.

அவர் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தார். யாரோ ஒரு டொக்டர் நடையில் வைத்து "மூளைச் சாவு" என்று சொன்னதைக் கேட்டு நாங்கள் குழம்பிப்போயிருந்தோம். இலங்கையில் அதற்குச் சட்டம் இருக்கிறது, 1987ம் ஆண்டு 48ம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டம். மூளை இறந்தால் ஆள் இறந்ததாகக் கணக்கு. "அது உங்கட பிள்ளைக்குப் பொருந்தாது. பிள்ளை முழிப்பா இருக்கு, எல்லாம் விளங்குது. அதாலதான் இது கஷ்டம்" என்றார்.

பிறகு இரண்டு வழியையும் சொன்னார். ஒன்று, தொண்டையில் துளை போட்டு வீட்டில் மெசின் வைப்பது. இரவு பகலாகச் சளி உறிஞ்ச ஆள் வேண்டும், கரண்ட் நிற்கக்கூடாது. 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அந்தப் பேச்சு வந்ததும் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். மற்றது, சளி கொஞ்சம் தெளிந்ததும் ரியூப்பை எடுத்து மாஸ்க் வைப்பது, பிள்ளை களைத்தால் திரும்ப ரியூப் போடாமல் மூச்சுத்திணறல் தெரியாதபடி மோர்ஃபின் கொடுப்பது. அதோடு அவர் நிறுத்தவில்லை. "என்ன செய்யலாம்" என்று எங்கள் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிற டொக்டர்மாரைக் கண்டிருக்கிறோம். கடையில் சாமான் தெரிவு செய்வதுபோல ஒரு தாயிடம் அதைக் கேட்பது கொடுமை. இவர் தன் பரிந்துரையைச் சொன்னார், இரண்டாவது வழி. "நீங்க மாட்டோம் எண்டால் முதலாவதைச் செய்வம், கோபிக்க மாட்டன்" என்றார்.

தங்கச்சி கேட்டாள், "உங்கட பிள்ளையெண்டால்?"

"என்ட பிள்ளையெண்டால் நான் டொக்டரா யோசிக்க மாட்டன். நீங்க இப்ப கேக்கிறது டொக்டரை."

பிறகு தங்கச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சளி உறிஞ்சும்போது பிள்ளைக்கு நோகுமா என்று. டொக்டர் மிஸ்ஸியைப் பார்க்காமல் தானே தமிழில் "ஓம்" என்றார். நாங்களும் பார்த்ததுதான். குழாய் உள்ளே போகும்போது குஞ்சுவின் வாய் திறக்கும், முகம் சுருங்கும், கண்ணால் தண்ணி ஓடும். ரியூப் இருப்பதால் சத்தம் மட்டும் வராது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை. அதைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று கடைசிவரை பார்த்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் எல்லோரும் அந்த நேரம் திரும்பிக்கொள்வோம். முடிவை அவள் சொன்னாள், மச்சான் கையெழுத்து வைத்தார். ரொறன்ரோவுக்கு நான் அறிவித்தேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மாஸ்க் மெசின் வாடகைக்கு என்று காசு அனுப்பினார்.

11ம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் இறந்தால் சிக்கல் வராதபடி டொக்டர் ஒரு கடிதம் தந்து, தன் நம்பரையும் பின்னால் எழுதியிருந்தார். மரைன் டிரைவ் பக்கத்து வீடு, ஜன்னலைத் திறந்தால் ரயிலும் கடலும். குஞ்சு 19 நாள் இருந்தாள். ரயில் போகும்போதெல்லாம் கண் அந்தப்பக்கம் போகும். கடைசி விடியலில் தாயின் மடியில்.

பில் 14 பக்கம், 26 லட்சத்துச் சொச்சம். பம்பர்ஸ் ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. ரசீதுகளை வடிவாக ஒப்பிட்டுப் பாருங்கள், எங்களுக்கு ஒரே ஸ்கேனை இரண்டு தரம் போட்டிருந்தார்கள், காட்டியதும் கழித்தார்கள்.

பிள்ளைக்குக் குணமாக்க முடியாத நோய் என்று தெரிந்தால் ஐசியூ வாசல்வரை காத்திருக்காமல் கிளினிக்கிலேயே கேளுங்கள்: மூச்சு நிற்கிற இரவில் என்ன செய்வீர்கள், நாங்கள் என்ன செய்யலாம் என்று. அந்தத் தமிழ்ப் படிவம் கடைக் கொம்பியூட்டரில் இருக்கிறது. இதுவரை நாலு பேர் எடுத்திருக்கிறார்கள். கையெழுத்து வைக்க அல்ல, வாசித்து விளங்கிக்கொள்ளத்தான். காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.