டீயில் கலக்கும் ரசாயனம்: இலையை மாற்றுவதா, பையை மாற்றுவதா?

டீயில் என்னென்ன கலந்திருக்கிறதோ என்று பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஆர்கானிக் டீக்கு மாறுகிறார்கள், இல்லையென்றால் டீயையே விட்டுவிட்டு மூலிகை டீக்குப் போகிறார்கள். இரண்டிலும் பலன் உண்டு, ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. இலையைத் தேடிப்பிடித்து மாற்றுவதற்கு முன்னால், அதைச் சுற்றியிருக்கும் பையைத் தூக்கிப்போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பளபளப்பான வலைத்துணியில் கூம்பு வடிவில் வரும் டீ பேக்குகள் பல நைலானாலோ, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்காலோ ஆனவை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் அப்படிப்பட்ட காலிப் பைகளை 95 டிகிரி செல்சியஸ் நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒரு பையிலிருந்து சுமார் 1,160 கோடி மைக்ரோபிளாஸ்டிக் துகள்களும் 310 கோடி நானோ துகள்களும் வந்ததாக எழுதினார்கள். இந்த எண்ணிக்கைக்கு அறிவியல் உலகிலேயே மறுப்பு வந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வந்த சிறு மூலக்கூறுகள் நீர் உலரும்போது படிந்து துகள்களாகத் தெரிந்திருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். சரி, அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் பிளாஸ்டிக்கில் இருந்த ஏதோ ஒன்று கொதிநீரில் இறங்கியிருக்கிறது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

பேப்பர் பை இதைவிட நல்லது. ஆனால் அதுவும் வெறும் பேப்பர் இல்லை. சூடாக்கி ஒட்டும் பைகளில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். நனைந்தால் கிழியாமல் இருக்கச் சில பேப்பர்களில் எபிகுளோரோஹைட்ரின் என்ற ரசாயனத்தின் வழியாகத் தயாரித்த பிசின் சேர்க்கிறார்கள். அதிலிருந்து 3-எம்சிபிடி என்ற பொருள் சிறிதளவு உருவாகலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. பை வேண்டியே தீரும் என்றால், ஒட்டாமல் மடித்து நூலால் கட்டியதைத் தேடுங்கள். ‘தாவரத்தில் செய்தது, மக்கும்’ என்று வரும் பிஎல்ஏ பைகளை நான் தனியாக உயர்த்திச் சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்.

உதிரி இலையும் ஒரு எவர்சில்வர் வடிகட்டியும் இருந்தால் இந்தக் கேள்விகள் எதுவும் எழாது. அதிகமாக ஆகும் வேலை, வடிகட்டியைக் கழுவுவது மட்டும். சாயம் ஏற்றிய தூளோ என்று சந்தேகம் வந்தால், ஈரமான வெள்ளைத்தாளில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். சாயம் இருந்தால் உடனே அடர்த்தியாகக் கறை பரவும்.

அப்புறம் இலை. இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது: இலையில் இருக்கும் பூச்சிக்கொல்லி எல்லாம் கோப்பைக்கு வருவதில்லை. பைரெத்ராய்டு வகை மருந்துகள் கொழுப்பில் கரைபவை. அவற்றில் பெரும்பகுதி இலையிலேயே தங்கி, சக்கையோடு வெளியே போய்விடும். இமிடாகுளோபிரிட், அசிட்டாமிப்ரிட் போன்ற நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் அப்படியில்லை. நீரில் நன்றாகக் கரைந்து நேராகக் கோப்பைக்கு வந்துவிடும். ஆகவே ‘இலையில் இத்தனை வகை எச்சம்’ என்ற செய்தியைப் படித்தால், எந்த மருந்து என்று பார்ப்பது முக்கியம். ஆர்கானிக் டீயின் உண்மையான லாபமும் இங்கேதான். தெளிக்கும் செயற்கை மருந்துகள் அதில் வெகுவாகக் குறையும்.

ஆனால் ஃப்ளோரைடு, அலுமினியம், ஈயம் ஆகியவற்றில் ஆர்கானிக் முத்திரை உங்களைக் காப்பாற்றாது. தேயிலைச் செடி முதல் இரண்டையும் மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்க்கும் இயல்புடையது. இலை முற்ற முற்ற அளவும் கூடும். முற்றிய இலைகளை அழுத்திச் செய்யும் கட்டி டீயை அதிகம் குடிக்கும் திபெத்தியப் பகுதிகளில் எலும்பைப் பாதிக்கும் ஃப்ளோரோசிஸ் பதிவாகியிருக்கிறது. ஒப்பிட்டுச் சொன்னால், மொட்டும் இளந்தளிரும் சேர்ந்த வெள்ளை டீயும் தளிர் இலை டீயும் ஃப்ளோரைடு குறைவாக இருப்பவை. மட்சா என்ற ஜப்பானியப் பச்சை டீப் பொடி வேறு கதை. அதில் இலையையே பொடித்துக் குடிக்கிறோம், சக்கை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே மட்சா வாங்குகிறவர்கள் ஈயப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூலிகை டீ பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது, ஏனென்றால் ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். வயலில் மூலிகையோடு சேர்ந்து அறுவடையாகும் களைச்செடிகள் சிலவற்றில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. தொடர்ந்து உள்ளே போனால் கல்லீரலைக் கெடுப்பவை அவை. யாரும் தெளித்ததில்லை, செடியே உண்டாக்குவது. அதனால் ஆர்கானிக் வயலிலும் வரும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013-இல் மூலிகை டீக்களில் இவை அதிகம் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. இவற்றுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஆகவே ஒரே மூலிகைக் கலவையை நாள்தோறும் பல கோப்பை குடிக்காமல் மாற்றி மாற்றிக் குடியுங்கள். பொடியைவிட, அடையாளம் தெரிகிற முழு இலையாக வாங்குங்கள். புதினா மாதிரி தொட்டியில் வளர்கிற செடியென்றால் களைக்கே இடமில்லை. அதிமதுரம் சேர்ந்த கலவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

இத்தனையும் பார்த்து இலை வாங்கியபின் பேப்பர் கப்பில் ஊற்றினால் பிளாஸ்டிக் மறுபடி வந்துவிடும். அதன் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண்துகள்கள் சேர்வதாக ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள். கண்ணாடியிலோ பீங்கானிலோ ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். மேலே சொன்ன அதே புற்றுநோய் முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு அதிகம் என்று வகைப்படுத்தியது. 3-எம்சிபிடிக்குக் கொடுத்ததைவிட அது ஒரு படி மேலான எச்சரிக்கை.