ஸ்பிரிங் பூட்: கண்டுபிடிப்பதைச் சொல்லும், கண்டுகொள்ளாததைச் சொல்லாது

ஜாவாவில் சிறியதொரு வெப் ஃபிரேம்வொர்க் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர், பிளகின்களை (கூடுதல் வசதி தரும் துணைப் பொதிகளை) ஃபிரேம்வொர்க்கே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஜாவா பயன்பாடுகள் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டின் வழியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பல ஆண்டுகளாக ஸ்பிரிங் பூட்டுடன்தான் பிழைப்பு நடக்கிறது. ஆனாலும் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை. அண்மையில் ஒரு பதிப்பு மாற்றத்தில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை என்பதும் ஒரு காரணம்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். இதைத் தேடல் என்று அழைத்தாலும் ஸ்பிரிங் பூட் உண்மையில் எதையும் துழாவுவதில்லை. ஒவ்வொரு ஜார் கோப்பிலும் (ஜாவா நிரலைக் கட்டி வைக்கும் பொதி) குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பெயரில் கிளாஸ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 2009இல் வந்த சர்வ்லெட் 3.0 என்ற ஜாவா வெப் தரநிலை வேறு வழியில் போனது. வெப் ஃபிராக்மென்ட் (ஜாருக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பு), அனொட்டேஷன் (நிரலில் ஒட்டிய குறிப்பு) என்று ஜார்களைத் திறந்து திறந்து பார்க்கும். டாம்கேட் சர்வரில் ‘இந்த ஜார்களைத் திறக்காதே’ என்று நீண்ட விலக்குப் பட்டியல் ஒன்றைப் பராமரிக்க வேண்டி வந்ததே அதனால்தான். ஜாவா 6இல் 2006இல் வந்த சர்வீஸ்லோடர் என்ற வசதி பட்டியல் முறையைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அதற்கு நிபந்தனை என்பதே தெரியாது. பட்டியலில் இருப்பதை எடுத்துக் கையில் கொடுத்துவிடும், வேண்டுமா வேண்டாமா என்பது நம் பாடு. டேபெஸ்ட்ரி 5 என்ற வெப் ஃபிரேம்வொர்க் தன் மாட்யூல்களின் பெயரை ஜாரைப் பற்றிய விவரம் இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதச் சொன்னது. அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம்.

ஸ்பிரிங் பூட் இவற்றோடு சேர்த்தது நிபந்தனைகளை. இந்த கிளாஸ் இருந்தால் இயங்கு, இந்த வகை பீன் (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் பொருள்) ஏற்கெனவே இருந்தால் ஒதுங்கு. இந்த ஒதுங்கல்தான் எனக்கு இன்றுவரை அலுக்காத மகிழ்ச்சி. தரவுத்தள இணைப்பை நானே எழுதிவிட்டால் அது தன்னுடையதை உருவாக்காது. பயன்படுத்துபவரின் அமைப்புகளை முதலில் படித்துவிட்டு, பட்டியலிலிருந்து வரும் தானியங்கி அமைப்புகளைக் கடைசியில் படிப்பதால் இது நடக்கிறது. ஒரு தானியங்கி அமைப்பின் நிபந்தனையைப் பார்க்க அந்த அமைப்பு கிளாஸை லோடு செய்யாமல் அதன் பைட்கோடை (கம்பைல் ஆன வடிவத்தை) மட்டும் படிக்கிறது. ஆகவே விருப்பத் துணை நூலகம் ஒன்று இல்லாவிட்டாலும் பயன்பாடு விழுந்துவிடுவதில்லை. இந்த இரண்டையும் வடிவமைத்தவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். வெளியிலிருந்து வாங்கிய ஒரு தணிக்கைப் பதிவு நூலகம் எங்களிடம் உண்டு. யார் எந்தப் பதிவைத் திருத்தினார் என்பதைத் தானாகவே எழுதி வைக்கும். ஸ்பிரிங் பூட் 2இலிருந்து 3க்கு மாறினோம். நிரல் கம்பைல் ஆனது. சர்வர் எழுந்தது. சோதனைகள் பச்சை காட்டின. தணிக்கைப் பதிவுகள் மட்டும் எழுதப்படவில்லை. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, லாகில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

காரணம் இதுதான். பழைய முறையில் பட்டியல் ‘ஸ்பிரிங்.ஃபேக்டரீஸ்’ என்ற கோப்பில் ‘எனேபிள்ஆட்டோகான்ஃபிகரேஷன்’ என்ற சாவியின் (பெயர்த் தலைப்பின்) கீழ் இருக்கும். 2022 மே மாதம் வந்த 2.7 பதிப்பு இதற்கெனத் தனியாக, ‘இம்போர்ட்ஸ்’ என்று முடியும் புதிய கோப்பைக் கொண்டுவந்தது. அதில் வரிக்கு ஒரு கிளாஸ், காற்புள்ளியும் பின்சாய்வுக்கோடும் இல்லை. படிக்க அழகான கோப்பு, குறை சொல்ல மாட்டேன். 2.7 இரண்டு கோப்புகளையும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 3.0 பழைய சாவியைக் கைவிட்டது. எங்கள் நூலகத்தில் பழையது மட்டும்தான் இருந்தது.

நியாயமாகப் பேசினால், இது வெளியீட்டுக் குறிப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. மாறிக்கொள்ள 2.7 என்ற இடைவெளியும் தரப்பட்டது. நூலகத்தை எழுதியவர்கள் இரண்டு கோப்புகளையும் வைத்திருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பழைய கோப்பை 3.0 படிக்காமல் இல்லை! வேறு சில சாவிகளுக்காக அதே கோப்பை இன்றும் திறக்கிறது, முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. எங்கள் நூலகத்தின் அமைப்புமதிப்புகளைக் கவனிக்கும் பகுதி அப்படி ஒரு சாவியில் இருந்ததால் ஒழுங்காக வேலை செய்தது. நூலகம் உயிரோடு இருப்பதாகவே எல்லோரும் நம்பினோம். கைவிடப்பட்ட சாவி கண்ணெதிரே கிடக்கும்போது ‘இதை நான் இப்போது மதிப்பதில்லை’ என்று ஒரு வரி எச்சரித்தால் என்ன குறைந்துவிடும்?

இத்தனைக்கும் இது பேசத் தெரியாத ஃபிரேம்வொர்க் அல்ல. தரவுத்தளத்தைக் கையாளும் ஜேபிஏ ஸ்டார்ட்டரைச் (தேவையான நூலகங்களின் கட்டு) சேர்த்துவிட்டுத் தரவுத்தள முகவரியைக் கொடுக்காமல் இயக்கினால், எது தவறு, என்ன செய்யலாம் என்று தனித்தனித் தலைப்பிட்டு விளக்கிவிட்டுத்தான் நிற்கும். செக்யூரிட்டி ஸ்டார்ட்டரை ஒரு வரி சேர்த்தால் எல்லா முகவரிகளையும் பூட்டிவிட்டு, கடவுச்சொல்லை லாகில் அச்சிடும். புதியவர்கள் பதறிப்போவார்கள், ஆனால் அது ஆரோக்கியமான பதற்றம்.

டிபக் முறையில் இயக்கினால் நிபந்தனை அறிக்கை ஒன்று கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், அருமையான அறிக்கை. எந்த அமைப்பு பொருந்தியது, எது ஏன் பொருந்தவில்லை என்று பக்கம் பக்கமாக வரும். எங்கள் நூலகம் அதில் ‘பொருந்தாதவை’ பகுதியில்கூட இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாத மாணவனை ‘வரவில்லை’ என்று எந்த ஆசிரியரும் குறிப்பதில்லை. பட்டியலுக்குள் வராததைப் பற்றி அந்த அறிக்கைக்கு ஒன்றும் தெரியாது.

இதே மௌனம் வேறு வேடத்திலும் வரும். எல்லா ஜார்களையும் மேவன் ஷேட் என்ற கருவி கொண்டு ஒன்றாக அரைத்தால், ஒரே பெயருள்ள பட்டியல் கோப்புகளில் ஒன்று மட்டும் மிஞ்சிவிடக்கூடும். அவற்றை இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நாமே சேர்க்க வேண்டும். ஸ்பிரிங் பூட்டின் சொந்தப் பொதியில் ஜார்கள் ஜார்களாகவே உள்ளே இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. வரிசையிலும் ஒரு விசித்திரம் உண்டு. முன், பின் என்று நாம் அறிவிக்காவிட்டால் அமைப்புகள் கிளாஸ் பெயரின் அகரவரிசையில்தான் அடுக்கப்படும். பேக்கேஜின் பெயரை மாற்றினால் வரிசையும் மாறலாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது எங்கள் திட்டத்தில் ஒரு சோதனை இருக்கிறது. பயன்பாட்டை எழுப்பி, இன்னின்ன பீன்கள் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பில்டு தோற்க வேண்டும் என்கிறது. அதாவது, பட்டியல் எழுதத் தேவையில்லை என்று சொல்லி விற்கப்பட்ட வசதிக்கு, கடைசியில் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம்.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: நிபந்தனையையும் ஒதுங்கலையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேடலை விட்டுவிடுங்கள். உங்கள் பிளகின்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, மெயின் மெத்தடில் வரிக்கு ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். ஜார் விட்டுப்போனால் கம்பைலரே கத்தும். தேடல் இருந்தே ஆக வேண்டும் என்றால், எழும்போது எந்த ஜாரிலிருந்து எந்த பிளகின் வந்தது என்று அச்சிடுங்கள். ‘இவை இல்லாமல் எழாதே’ என்று பயன்படுத்துபவர் சொல்ல இடம் கொடுங்கள். கோப்பின் பெயரை மாற்றினால் பழைய பெயரைக் கண்டதும் கூச்சல் போடுங்கள்.

அவர் தேடலைத்தான் எழுதுவார். செயல்விளக்கத்தில் ஒரு ஜாரைப் போட்டதும் புதிய வசதி தானாக முளைப்பதைக் காட்டும் ஆசை யாருக்குத்தான் இல்லை? நானும் அடுத்த திட்டத்தை ஸ்பிரிங் பூட்டில்தான் தொடங்கியிருக்கிறேன், அந்தச் சோதனையை முதல் நாளே நகலெடுத்து வைத்துவிட்டு.