பத்மினி இஞ்சின் கட்ட வாங்கிய ஸ்பேர்கள்: இரும்பு தேறியது, ரப்பர் தேறவில்லை

முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரீமியர் பத்மினி காருக்கு இன்றைக்கும் இஞ்சின் கட்டலாம், சாமான் கிடைக்கிறது. பிஸ்டன், ரிங், பேரிங் போன்ற பெரிய அயிட்டங்கள் எல்லோரும் பயமுறுத்துகிற அளவுக்கு மோசமில்லை. வண்டியைத் திரும்பவும் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வருவது சில்லறை விலைக்கு வாங்கும் சீல், டயாஃபிரம், ஹோஸ் வகையறாதான். ஆனால் எங்கள் வேலூரில் மெக்கானிக்கும் சரி, வண்டிக்காரரும் சரி, பிஸ்டன் என்ன கம்பெனி என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள், சீலைப் பற்றிக் கேட்டால் "இருக்கறத போடுண்ணா" என்று முடித்துவிடுவார்கள்.

வண்டி வீட்டு வண்டி. 1089 சிசி, நாலு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 75 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஃபியட் 1100 காலத்து அதே இஞ்சின். ஆயில் குடித்துப் புகை தள்ள ஆரம்பித்ததும் கழற்றிப் பார்த்தோம், போர் ஓவலாகத் தேய்ந்திருந்தது, சரி, முழுசாகவே கட்டிவிடலாம் என்று முடிவு. வேலூருக்கு ஒரு வசதி உண்டு. இந்தப் பக்கம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அந்தப் பக்கம் பெங்களூரு ஜே.சி. ரோடு, இரண்டு ஊர் சரக்கும் பார்சல் ஆபீஸ் வழியாக இங்கே வந்துவிடும். உள்ளூர்க் கடையில் இல்லை என்றாலும் போன் போட்டு வரவழைப்பார்கள். தொல்லையும் அதே இடத்தில்தான், பார்க்காமல் வரவழைத்த சாமானைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது.

முதலில் பிஸ்டன். இரண்டு செட் கையில் எடுத்து ஒப்பிட முடிந்தது. ஒன்று பழைய ஸ்டாக், இந்தியா பிஸ்டன்ஸ் பெட்டி, அரை எம்எம் ஓவர்சைஸ், அதாவது தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்கிய பிறகு போடும் பெரிய அளவு. சென்னை செம்பியத்தில் 1949 முதல் இருக்கும் கம்பெனி, பெட்டி அட்டை பழுப்பேறி ஓரம் கிழிந்திருந்தாலும் உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பிஸ்டன் நேற்றுக் கடைந்த மாதிரி இருந்தது. இன்னொன்று பெயர் தெரியாத புது செட், விலை பாதிக்கும் கீழே. மைக்ரோமீட்டர் வைத்தபோது இரண்டுமே அளவில் பாஸ். இங்கே ஒரு விஷயம். பிஸ்டன் முழு வட்டம் என்று நினைத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அளந்துவிட்டு "சைஸ் கம்மி, டூப்ளிகேட்" என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வட்டம் இல்லை. பிஸ்டனைத் தண்டோடு கோக்கும் பின் (pin) போகும் திசையில் கொஞ்சம் குறைத்து, அதற்குக் குறுக்கே ஸ்கர்ட் எனும் கீழ்ப் பகுதியில் கூடுதலாக வைத்துத்தான் கடைவார்கள், மேல் பக்கம் இன்னும் சற்றுக் குறுகலாக இருக்கும், ஏனென்றால் சூடேறும்போது மேலே அதிகமாக விரியும். அளப்பதென்றால் பின்னுக்குக் குறுக்கே ஸ்கர்ட்டில் அளக்க வேண்டும்.

வித்தியாசம் தெரிந்தது எடையில். லாங்கு பஜாரில் நகைக்கடையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் உண்டு, கூட்டம் இல்லாத மதியத்தில் எட்டு பிஸ்டனையும் அவர் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம், முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை. பழைய செட்டில் கனமானதற்கும் இலேசானதற்கும் இரண்டு மூன்று கிராம்தான் வித்தியாசம். புது செட்டில் பத்து கிராமைத் தாண்டிவிட்டது. அதோடு ஆயில் ரிங் பள்ளத்தில் ஆயில் திரும்பி இறங்குவதற்கு வைத்த துளைகளில் இரண்டு, பிசிறு அடைத்து ஊசி கூட நுழையாத நிலையில் இருந்தன. அப்படியே போட்டிருந்தால் சுவரிலிருந்து ரிங் வழித்தெடுக்கிற ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் மேலே ஏறி எரிந்திருக்கும், ஆயில் குடிக்கிறது என்று கழற்றிய இஞ்சின் கட்டிய பிறகும் ஆயில் குடிக்கும். எடையைக் கடைந்து சரிசெய்யலாம், பிசிறை ஒரு சின்ன டிரில் பிட்டால் எடுக்கலாம் என்பதால் அந்தச் செட்டைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாதவர்கள் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போடலாம். நான் பழைய ஸ்டாக்கைப் போட்டேன்.

காட்பாடியில் நான் வேலை கொடுத்த லேத்காரர் பெரியவர், "பிஸ்டன் இல்லாம பிளாக்கை மட்டும் தூக்கினு வராதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரியான பேச்சு. பெட்டியில் எழுதிய சைஸுக்கு இல்லாமல், கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, கம்பெனி சொல்லும் கிளியரன்ஸை (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியை) சேர்த்து அந்த அளவுக்குத்தான் போர் போட வேண்டும். பிஸ்டன் பிறகு வரும், முதலில் போர் போட்டு வைக்கிறேன் என்று சொல்லும் பட்டறையில் பிளாக்கை இறக்காதீர்கள்.

ரிங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. அரை எம்எம் ஓவர்சைஸ் போட்டால் பத்மினி போர் 68.5 ஆகிவிடும். மாருதி 800-இன் 796 சிசி இஞ்சினுக்குக் கம்பெனி ஸ்டாண்டர்டு போரும் 68.5 தான். இதைத் தெரிந்து வைத்திருந்த ஒரு கடைக்காரர், "அதே அறுபத்தெட்டு அஞ்சுதான் சார், கண்ணை மூடினு போடுங்க, இன்னா ஆயிடப் போவுது" என்று மாருதி ரிங் செட்டை எடுத்து நீட்டினார். விட்டம் சரிதான். வெர்னியரில் தடிமனைப் பார்த்தால் பத்மினி பிஸ்டனின் பள்ளத்துக்கு மெலிவு. பள்ளத்தில் மேலும் கீழும் ஆடுகிற ரிங் கம்ப்ரஷனையும் பிடிக்காது, ஆயிலையும் பிடிக்காது, கடைசியில் பள்ளத்தையே இடித்துப் பெரிதாக்கிவிடும். ஆகவே விட்டத்தோடு தடிமனையும் பாருங்கள். அப்புறம் ரிங்கைப் போருக்குள் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஒரு அங்குல போருக்கு 3 முதல் 4 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ) என்பது பட்டறைக் கணக்கு, நம் போருக்கு 0.20-லிருந்து 0.27 மில்லிமீட்டர் வரை வரும். குறைவாக இருந்தால் அரத்தால் தேய்த்து வைக்கலாம், அதிகமாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, கடைக்குத்தான் திரும்ப வேண்டும். நான் வாங்கிய கோயட்ஸ் ரிங்குகள் ஒன்றைத் தவிர நேராகவே பொருந்தின, அந்த ஒன்றையும் நாலு இழுப்பில் சரிசெய்தோம்.

பேரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பைமெட்டல் செட் கிடைத்தது, நன்றாக இருந்தது. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மூடியைக் கையோடு எடுத்துப்போய் ஷெல்லை (பேரிங்கின் அரை வளையத்தை) அதில் வைத்து அழுத்துங்கள். லேசாக எதிர்த்து, டக் என்று உட்கார வேண்டும், மூடியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. முனை இரண்டும் மூடியின் விளிம்புக்கு மேலே மயிரிழை அளவு நிற்க வேண்டும், போல்ட் முடுக்கும்போது அந்த மயிரிழைதான் ஷெல்லை நெருக்கிப் பிடிக்கிறது. தானாக நழுவி விழுகிற ஷெல்லை எந்தப் பெட்டியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வால்வுக்கு ஒரு காந்தத் துண்டு போதும். நல்ல எக்ஸாஸ்ட் வால்வுகளில் பெரும்பாலும் தலைப் பக்கம் காந்தம் ஒட்டாத உலோகத்தில் வரும், தண்டு ஒட்டலாம். இன்டேக் வால்வு ஒட்டினால் பதற வேண்டாம், அது இயல்பு. எங்கள் தெரு அம்பாசடர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துத் தானும் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) வேலை செய்யக் கிளம்பினார், அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பத்மினி அலுமினிய ஹெட், சீட்டுகள் (வால்வு மூடும்போது உட்காரும் வளையங்கள்) தனியாகப் பதித்தவை. 1489 சிசி அம்பாசடருக்கு இரும்பு ஹெட், வால்வு அந்த இரும்பிலேயே உட்காரும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றுபோன பிறகு, ஈயத்தின் காப்பு இல்லாமல் அந்த மாதிரி சீட்டுகள் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், அதனால் அவர்கள் காசை வால்வு பிராண்டில் கொட்டுவதை விட, கடினமான சீட் பதிக்கும் கூலிக்குக் கொடுப்பது மேல்.

ஹெட் கேஸ்கட்டை வாங்கியதும் பிளாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். ஓவர்சைஸ் போர் போட்ட பிறகு கேஸ்கட்டின் வளையம் போருக்குள் எட்டிப் பார்க்கிறதா, தண்ணீர்த் துளைகள் பொருந்துகின்றனவா என்று. எட்டிப் பார்த்தால் அந்த விளிம்பு சிவக்கச் சூடேறி இஞ்சின் தட்டும்.

இனி ரப்பர். பிஸ்டனுக்குப் பழைய ஸ்டாக்கைப் புகழ்ந்த அதே வாயால் சொல்கிறேன், பழைய ஸ்டாக்கில் ரப்பர் வாங்கவே வாங்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே ரப்பருக்கு வயசாகிவிடும். எனக்குக் கடையில் கொடுத்த டைமிங் கவர் சீல் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பெட்டியோடு பளபளவென்று இருந்தது, உதட்டை விரலால் மடக்கினேன், அப்பளம் மாதிரி விண்டு வந்தது. புதுசாகச் செய்ததிலும் உதட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மெல்லிய ஸ்பிரிங்கே இல்லாமல் ஒன்று வந்தது. இதற்கு என் வழி எளிது. கார் ஸ்பேர் கடையில் "பத்மினி சீல்" என்று கேட்பதை விட்டுவிட்டு, பழைய சீலின் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் விற்கிற சீல், தினமும் நகர்கிற சரக்கு, புதுசாக இருக்கும். பெரும்பாலும் அதே சைஸ் கிடைத்துவிடும்.

பெட்ரோல் பம்பு டயாஃபிரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வு) இதைவிட முக்கியம். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய கிட்டில் வருகிற ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும், கிழிந்தால் பெட்ரோல் நேராக, இஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்கு இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கலாம், அப்புறம் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட பேரிங் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டயாஃபிரம், கார்புரேட்டர் ஊசி முனை, பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். விட்டான் ரப்பர் என்றால் நல்லது. கேட்டதும் கடைக்காரர் முழித்தால் அடுத்த கடை. இரண்டு நாள் பெட்ரோலில் ஊறப்போட்டு அளந்து பார்ப்பதும் ஒரு வழி, ஜாடியை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டை இங்கே பாதிப் பேர் கழற்றி வீசிவிடுகிறார்கள், "வேலூர் வெயிலுக்கு எதுக்கு சார்" என்று. நூலில் கட்டி, தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, கொதிக்கும்போது முழுக்கத் திறந்தால் நல்லது. வாங்கிய இரண்டில் ஒன்று கொதித்தும் அசையவில்லை. ரேடியேட்டரில் நம் ஊர் போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பும் சுண்ணாம்பும் படிந்து வாட்டர் பம்பு சீலைத்தான் முதலில் தின்னும்.

கடைகளைப் பற்றி: பெயர் வேண்டாம். வேலூரில் நான் வாங்கியவற்றில் ஒரு கடை, அசையாத தெர்மோஸ்டாட்டைப் பேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தது, அங்கே மறுபடி போவேன். இன்னொரு கடை, பெட்டி பிரித்தாகிவிட்டது என்று ஸ்பிரிங் இல்லாத சீலைக் கூட எடுக்க மறுத்தது. காசு கொடுக்கும் முன்பே, அளந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா என்று கேளுங்கள், ஆம் என்றால் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.