கண்டி பெரியாஸ்பத்திரி கிளினிக்: போகுமுன் கவனிக்க

ஹட்டன், மாத்தளைப் பக்கம் பெரிய வருத்தமென்றால் கண்டி தேசிய வைத்தியசாலைக்குத்தான் துண்டு எழுதுவார்கள். சிகிச்சை இலவசம், நம்பிப் போகலாம். கிளினிக் கொப்பியோடு, குடிக்கிற மருந்துகளின் வெறும் அட்டைகளையும் கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை, காலையில ஒண்டு" என்று சொன்னால் டாக்டருக்கு மருந்தும் விளங்காது, மில்லிகிராமும் விளங்காது.

வெறுவயிற்றுச் சீனிப் பரிசோதனைக்கு 8 மணித்தியாலமாவது தண்ணீர் மட்டும். விடியப் பஸ் ஏறுமுன் குடிக்கும் பால் தேத்தண்ணியே ரிப்போட்டைக் கெடுத்துவிடும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதிகம் நடப்பது இதுதான், பாவம்.

மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் கேளுங்கள். பிள்ளைகளுக்கென்றால் பேராதனையில் தனிச் சிறுவர் வைத்தியசாலை உண்டு. நெஞ்சுவலிக்கு பஸ் வேண்டவே வேண்டாம். 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை.