கிராபிக்ஸ் கார்டு போச்சு என்று சொல்லி 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், எடிட்டர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "போகட்டும் விடுங்க" என்று வீட்டில் சொல்வார்கள், நானும் விட்டுவிடுவேன். 18,500 ரூபாய். கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவனுக்கு ஒரு முகூர்த்தத்தில் மிச்சமாகிற காசு அது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவுதான். எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராஷ் ஆனால் விண்டோஸில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது பெரிய சிஸ்டம் இல்லை. 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஃபுட்டேஜ் வைக்க ஒரு ஹார்டு டிஸ்க். சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ், இலவச வெர்ஷன். அதை வைத்துக்கொண்டே கேண்டிட், டிரோன், டீசர் எல்லாம் முடித்துக் கொடுத்திருக்கிறேன். மெதுவாக ஓடும், ஆனால் பாதியில் கவிழ்த்தது இல்லை. ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, சும்மா இருக்கிற நேரத்தில் தூசி தட்டி, பிராசஸர் சூட்டைத் தணிக்கிற பேஸ்ட் மாற்றி வைக்கலாம் என்று அந்தக் கடையில் ஜெனரல் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சுத்தமாக இருந்தது, ஃபேன் சத்தமும் குறைந்திருந்தது. "எஸ்எஸ்டி லைஃப் கூடுறதுக்கு செட்டிங்கும் பண்ணி விட்டுருக்கோம்ணே, அது ஃப்ரீதான்" என்று கடைப் பையன் சொன்னான். சர்வீஸ் சீட்டிலும் "எஸ்எஸ்டி ஆப்டிமைஸ்" என்று எழுதி டிக் போட்டிருந்தான். அந்தச் சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி பிறந்தது, வேலை வந்தது, கிராஷும் கூடவே வந்தது.

வெறும் கட்டிங் செய்யும்போது ஒன்றும் ஆகாது. ரிசால்வுக்குள் இருக்கிற ஃப்யூஷன் பகுதியில் டைட்டில் போட்டு, கலர் முடித்து, 4கே எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் விண்டோவே காணாமல் போய்விடும். எரர் மெசேஜ் கிடையாது, ஒன்றும் கிடையாது, டெஸ்க்டாப் மட்டும் சிரிக்கும். பக்கத்தில் குரோம் திறந்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஒருமுறை மட்டும் "மெமரி குறைவாக இருக்கிறது, புரோகிராம்களை மூடுங்கள்" என்று விண்டோஸே ஒரு பெட்டியைக் காட்டியது. அதை போட்டோ எடுத்து வைத்தேன். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரேமில் இன்னும் சில ஜிபி காலியாகத்தான் இருந்தது. கார்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன், நிவிடியாவின் ஸ்டுடியோ டிரைவரும் போட்டுப் பார்த்தேன். அதே கதை. ரிசப்ஷனில் எல்ஈடி வாலில் ஓட வேண்டிய அவுட்டோர் வீடியோ பாதியில் நிற்கிறது, மாப்பிள்ளையின் தம்பி மணிக்கு ஒருதரம் "அண்ணே, ஆச்சாண்ணே?" என்கிறான். சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்கு ஓடினேன்.

இந்த முறை ஓனரே வந்து உட்கார்ந்தார். டீ வரவழைத்தார். "நானும் ஒரு காலத்துல ஸ்டுடியோல மிக்ஸிங் பண்ணவன்தான் தம்பி, முகூர்த்தத்துல டெலிவரி தப்புனா என்ன பேச்சு வாங்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். அப்புறம் கார்டைக் கழற்றி, டேபிள் லைட்டுக்குக் கீழே பிடித்து, பின்பக்கம் லேசாகப் பழுப்பேறிய ஒரு இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். "சூட்டுல வெந்திருக்கு பாருங்க. கார்டுல மெமரி சிப்பு போச்சு. உங்க போட்டோவுலயும் மெமரின்னுதானே போட்டிருக்கு?" அவ்வளவு அக்கறையாக, அவ்வளவு நிதானமாகச் சொன்னார். நம்பாமல் எப்படி இருப்பது? அந்தப் பெட்டி சொன்னது கம்ப்யூட்டரின் மெமரியை, கார்டு மெமரியைப் பற்றியே அல்ல. ஆனால் டீயும் கொடுத்து, ஸ்டுடியோ கதையும் சொன்ன மனிதரிடம் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

ரீஃபர்பிஷ்டு ஆர்டிஎக்ஸ் 2060 இருக்கிறது, 21,500, பழைய கார்டுக்கு 3,000 கழித்துக்கொள்ளலாம் என்றார். 18,500 ரூபாயை ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். பில் கேட்டதற்கு "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சன்ட் சேர்ந்துடும் தம்பி, நம்ம கடைதானே" என்று ஒரு வெள்ளைச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த 2060 எத்தனை ஜிபி தெரியுமா? 6 ஜிபி. "மெமரி பத்தாமல்" போன இடத்தில் அதே அளவு மெமரி.

வீட்டுக்கு வந்து எக்ஸ்போர்ட் போட்டேன். பாதியில் விண்டோ காணோம்.

போன் செய்தேன். "டிரைவர் செட் ஆக ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார்கள். டிரைவர் என்ன, மாவா, ஊறிப் புளிக்க? மறுபடி செய்தேன், ஓனர் ஊரில் இல்லை. வாட்ஸப்பில் கிராஷ் ஆகிற வீடியோவையே அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "கிராக் சாஃப்ட்வேர் போட்டா அப்படித்தாண்ணே ஆகும்" என்றான் பையன். ரிசால்வின் இலவச வெர்ஷனை அந்தக் கம்பெனியே அதன் தளத்தில் கொடுக்கிறது, கிராக் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் பேச்சை மாற்றி, பவர் சப்ளை வீக்காக இருக்கலாம், 650 வாட்ஸ் ஒன்று போட்டுப் பார்ப்போமா என்றான். இன்னும் 5,000. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

கோயம்புத்தூரில் விளம்பரப் படம் எடிட் செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரை வீடியோ காலில் பிடித்தேன். அவர் கார்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதலில் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கிற ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொன்னார், விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம். கிராஷ் ஆன நேரத்துக்கு நேராக, ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர் என்று ஒரு வரி, எண் 2004. திறந்தால், விர்ச்சுவல் மெமரி தீர்ந்துபோனது, அதிகமாகத் தின்றவை இவை என்று ரிசால்வ், குரோம் பெயர்களோடு விண்டோஸ் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராஷுக்கும் ஒன்று. கார்டு தடுமாறியிருந்தால் அங்கே பெரும்பாலும் வேறு வரி இருக்கும், டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று 4101 என்ற எண்ணில். அது ஒன்றுகூட இல்லை.

அடுத்து டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. அங்கே "கமிட்டட்" என்று இரண்டு எண் இருக்கும். வலது பக்க எண், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம். பேஜ் ஃபைல் என்பது ரேம் பத்தாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்கிற இடம். எனக்கு அது 15.9 ஜிபி. அதாவது ரேம் மட்டும்தான், பேஜ் ஃபைலே இல்லை. எடிட்டிங் சாஃப்ட்வேர் தனக்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே கேட்டு ஒதுக்கி வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் உடனே பயன்படுத்தாது. அதனால்தான் ரேம் காலியாக இருப்பது போலத் தெரியும்போதே கணக்கில் இடம் தீர்ந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டு விண்டோஸ் கையை விரித்தால், சாஃப்ட்வேர் அப்படியே விழுந்துவிடும்.

பேஜ் ஃபைலை யார் அணைத்தது? கடை. "எஸ்எஸ்டி லைஃப் கூடுறதுக்கு செட்டிங்." எஸ்எஸ்டியில் அடிக்கடி எழுதினால் தேய்ந்துவிடும் என்று பழைய பயம் ஒன்று உண்டு, அதை வைத்துக்கொண்டு பேஜ் ஃபைலை அணைப்பதை இன்னமும் ஒரு டெக்னிக்காக விற்கிறார்கள். எஸ்எஸ்டியில் வைக்க பேஜ் ஃபைலைவிடப் பொருத்தமான ஃபைல்கள் குறைவு என்று விண்டோஸ் 7 வந்த 2009லேயே மைக்ரோசாஃப்ட் எழுதிவிட்டது. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி என்று நண்பர் கூட்டிப் போனார். "நோ பேஜிங் ஃபைல்" என்று வைத்திருந்தார்கள். விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற பெட்டியில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்போர்ட் முழுசாக ஓடி முடிந்தது. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு கிராஷ் இல்லை. செலவு பூஜ்யம்.

புரிகிறதா? கோளாறை உண்டாக்கியதும் அவர்கள். அதைச் சரி செய்கிறேன் என்று 18,500 ரூபாய் வாங்கியதும் அவர்கள். சரியும் செய்யவில்லை.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஓனர் இருந்தார், இந்த முறை டீ வரவில்லை. செட்டிங்ஸை நானே மாற்றியிருப்பேன் என்றார். "எஸ்எஸ்டி ஆப்டிமைஸ்" என்று டிக் போட்ட சீட்டை நீட்டினேன். "குடுங்க பார்ப்போம்" என்று கை நீட்டினார், நான் கையில் பிடித்தபடியே காட்டினேன். பிறகு, அது பையன் செய்தது என்றார். பிறகு, எலக்ட்ரானிக்ஸ் விற்றால் ரிட்டன் இல்லை என்றார். சரி, என் பழைய கார்டையாவது கொடுங்கள், இதை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்புங்கள் என்றேன். "செத்த கார்டு தம்பி அது, ஈ-வேஸ்ட்ல போட்டாச்சு." படி இறங்கும்போது பையன் பின்னாலேயே வந்து மெதுவாக, "அது அந்த வாரமே வித்துடுச்சுண்ணே, கேமிங் பண்ற பையன் ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான்" என்றான். செத்த கார்டை எவன் வாங்குவான்?

திரும்ப மேலே ஏறிக் கத்தினேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதும் சிரித்தார். "நீங்க பிசினஸ் பண்றவர், உங்க கேஸை அவங்க எடுக்க மாட்டாங்க." இந்த வரியை நிறையப் பேரிடம் சொல்லி அனுப்பியிருப்பார் போல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பில் கொடுக்காமல் விற்பதே அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். ஜிபே ரசீது, இரண்டு சீட்டு, 2004 வரிகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கிறது. ஆணையத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அவசரத்துக்கு இவை.

கிராஷ் ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால் ஈவன்ட் வியூவரைப் பாருங்கள். அது குழப்பமாக இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டுங்கள், எந்தத் தேதியில் எது விழுந்தது என்று சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும். சர்வீஸ் கொடுத்த தேதிக்கு அப்புறம்தான் புள்ளிகள் ஆரம்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பேஜ் ஃபைல் அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள், சி டிரைவில் அதற்கு இடமும் விடுங்கள். லேப்டாப்காரர்கள் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுத்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அது கிராபிக்ஸ் கார்டை விட்டுவிட்டு, பிராசஸருக்குள்ளேயே இருக்கிற இன்டெல் கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். ரேம் மேல் சந்தேகம் என்றால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் உள்ளேயே இருக்கிறது, காசு இல்லை.

கடையில் கொடுக்கும்போது பழைய பார்ட்டை எக்ஸ்சேஞ்ச் போடாதீர்கள், செத்ததோ இல்லையோ கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரீ செட்டிங் என்றால் எந்த செட்டிங் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன், காலையில் பெண் வீட்டுக்குப் பென்டிரைவ் கொடுக்க வேண்டும், ஹைலைட்ஸ் இன்னும் கலர்கூட முடியவில்லை.