டஃபன்ட் என்று சொல்லி வீட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள்: வேன் ஜன்னல் வேலைக்குப் போகிறவர்கள் படிக்கவும்

டிராவலர், மேக்ஸிகேப், மினி பஸ் என்று எது வைத்திருந்தாலும் சரி, ஜன்னல் கண்ணாடி மாற்றவோ மழை ஒழுகலுக்கு சீல் போடவோ பட்டறைக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். டஃபன்ட் கண்ணாடி, அதாவது உடைந்தாலும் ஆளைக் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடி என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியை வெட்டி என் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள், அதைச் சுற்றிலும் பாத்ரூம் மூலைக்கு அடிக்கிற சிலிக்கானை அப்பி அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடி உடைந்தபோது அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை, ஈரோட்டுப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். டூரிஸ்ட் பர்மிட்டில் ஒரு பழைய டிராவலர், நானே ஓட்டுகிறேன், குடும்பம் நடப்பது அதில்தான். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுச் சவாரி, மற்ற நாளில் பழனி, பன்னாரி, ஊட்டி, வால்பாறை. பக்கவாட்டு ஜன்னல் எல்லாம் அலுமினியச் சட்டத்தில் ஓடுகிற இழுவைக் கண்ணாடி. வெயிலில் கிடந்து கிடந்து ரப்பர் கல்லாகி வெடித்துவிட்டது, ஒரு கண்ணாடி விரிசலும் விட்டிருந்தது. வைகாசி முகூர்த்தம் முடிந்ததும், மலையில் மழை பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று போனேன்.

என்ன வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். சட்டத்தோடு கழற்ற வேண்டும், பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக சீலன்ட் (ஒழுகலை அடைக்கிற பசை) படுக்கை போட்டு உட்கார வைக்க வேண்டும், கண்ணாடி கண்டிப்பாக டஃபன்ட்தான். "அதெல்லாம் நீங்க சொல்லோணுமாங்க அண்ணா, நம்ம பட்டறையில லோக்கல் சரக்கே உள்ள வராதுங்க" என்றார் முதலாளி. மொத்தம் 38,000 ரூபாய் பேசினோம். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் "கிளாஸ் வேலை, முழுசும்" என்று எழுதி, கீழே தொகையைப் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் சேருமுங்க, நமக்குள்ள எதுக்குங்க என்றார். காலையில் விட்ட வண்டியை மறுநாள் சாயங்காலம் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கதவைத் திறந்ததும் உள்ளே வினிகர் வாடை கண்ணை எரித்தது. புது மருந்து அப்படித்தான் வாசம் வரும், ரெண்டு நாளில் போய்விடும் என்றார்கள். இந்த வாடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற சிலிக்கானில் ஒரு வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், அந்த அமிலத்தின் வாடைதான் அது. வீட்டுக் கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அது சரி. வண்டியின் இரும்புத் தகட்டில் பெயின்ட் கீறிய இடத்தில் பட்டால் அங்கேயே துருவைத் தொடங்கி வைத்துவிடும். அதைவிட மோசம், சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் பிடிக்காது, முழுசாகச் சுரண்டித் துடைத்தால்தான் உண்டு.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் மேலே போய் நிறுத்திப் பார்த்தால் தரையில் வைத்திருந்த பை எல்லாம் நனைந்து, தரை விரிப்புக்கு அடியில் தண்ணீர் நின்றது. ஒழுகல் எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும். தண்ணீர் நுழைவது ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையாக இருக்கும், அது உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் இறங்கி சீட்டுக் காலடியில் வந்து தெரியும். அதற்குள் தரை பிளைவுட் ஊறி உப்பியிருக்கும்.

திரும்பக் கொண்டுபோய் விட்டேன். "மலை மழைக்கு எந்த வண்டிதானுங்க ஒழுகாது" என்று சொல்லிவிட்டு, பையனைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் சட்டத்தைச் சுற்றி இன்னொரு கோட் சிலிக்கான் அடிக்கச் சொன்னார். அந்தப் பையன் என்ன செய்தான் என்றால், கீழ்ச் சட்டத்தில் இருக்கிற சின்னச் சின்ன வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டான். இழுவைக் கண்ணாடி ஜன்னலில் கீழ்ச் சட்டத்துப் பள்ளத்துக்குள் மழைத் தண்ணீர் போவது சகஜம், அது வெளியே வடிவதற்குத்தான் அந்தத் துளைகளே. அதை அடைத்தால் பள்ளம் நிரம்பி, பிரேக் போட்டதும் தண்ணீர் மொத்தமும் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொட்டும். கொட்டியது. சவாரிக்கு வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் பட்டுச் சேலையோடு நனைந்தார்கள், அவர்களிடம் நான் என்ன பதில் சொல்ல?

அப்புறம்தான் கண்ணாடி. சத்தி ரோட்டில் ஒரு வேகத்தடை, வண்டி மெதுவாகத்தான் ஏறி இறங்கியது. இடது பக்கம் கடைசி ஜன்னலில் ஒரு மூலையிலிருந்து விரிசல் ஓடி, கண்ணாடி இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு உள்பக்கம் சரிந்து அந்த அம்மாவுக்கும் சீட்டு முதுகுக்கும் நடுவில் செருகி நின்றது. ஒரு முழ நீளம், ஒரு பக்கம் கூராக, அரிவாள் மாதிரி. நல்ல வேளையாக அவர் குனிந்து வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, என்னமோ சத்தம் கேட்டுச்சே" என்று நிமிர்ந்து கேட்டார். முதுகில் சேலை மட்டும் கிழிந்திருந்தது.

டஃபன்ட் கண்ணாடி அப்படி உடையவே உடையாது. உடைந்தால் மொத்தமும் ஒரே நொடியில் கல்கண்டு அளவுக்குப் பொடிப்பொடியாக உதிரும், நீளத் துண்டு வராது. வண்டிக்கு அதைப் போடச் சொல்வதே அதற்காகத்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதியும், வண்டிக்குப் போடுவது பாதுகாப்புக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் போனில் கேட்கிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். டஃபன்ட் கண்ணாடியை முதலில் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, துளை வேண்டுமென்றால் அதையும் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் 600 டிகிரிக்கு மேல் உலையில் காய்ச்சிக் காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். குளிர்ந்த பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது, வெட்டினால் பொடியாகிவிடும். அதனால் பழைய கண்ணாடியையோ அட்டையில் வெட்டிய அச்சையோ அனுப்பி, ஆர்டர் கொடுத்துக் காத்திருந்துதான் வாங்க முடியும். உங்கள் கண் முன்னால் வைரக் கோல் வைத்துக் கீறி, தட்டி உடைத்து அளவெடுத்து மாட்டுகிறார்களா, அது டஃபன்ட் கிடையாது, அங்கேயே வேலையை நிறுத்துங்கள். ஏற்கெனவே மாட்டிய கண்ணாடி டஃபன்டாக இருந்தால் ஒரு மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும், ஐஎஸ் 2553 என்ற எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அழியாத மாதிரி பொறித்திருக்கும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது யாருடையது என்று காட்டிவிடும். இன்னொன்று, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்வாகப் பார்த்தால் டஃபன்ட் கண்ணாடியில் திட்டுத் திட்டாக நிழல் தெரியும், சாதாரணக் கண்ணாடியில் தெரியாது. என் வண்டியில் புதிதாக மாட்டியதில் ஒன்றில்கூட முத்திரை இல்லை.

கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகளில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிற ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் வந்ததும் கண்ணாடியைப் பார்க்கவில்லை, சட்டத்தின் ஸ்க்ரூ தலைகளைத்தான் பார்த்தார். எல்லாவற்றின் மேலும் பழைய பெயின்ட் உடையாமல் அப்படியே இருந்தது. அதாவது சட்டத்தைக் கழற்றவே இல்லை, கண்ணாடியை மட்டும் உருவிவிட்டு வேறு ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். கழற்றி சீல் போட்டதாகச் சொன்னது முழுப் பொய். அவர் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி இழுத்தார், சிலிக்கான் ஒரே நாடாவாக உரிந்து வந்தது. அதன் உள்பக்கத்தில் புழுதியும் பழைய ரப்பர் துணுக்கும் ஒட்டியிருந்தது. அழுக்கின் மேல் அடித்தால் அழுக்கைத்தானே பிடிக்கும்! கீழ்த் தகட்டில் துரு ஆரம்பித்துவிட்டிருந்தது.

அவர் செய்த வேலையை நான் கூடவே நின்று பார்த்தேன். சட்டத்தை முழுசாகக் கழற்றி, சிலிக்கானைப் பிளேடால் சீவி, சால்வென்ட் போட்டுத் துடைத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்துக் காய விட்டார். அப்புறம் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாலியூரித்தேன் சீலன்டை அறுபடாத ஒரே கோடாகப் போட்டுச் சட்டத்தை அமர்த்தினார். ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்கவில்லை. இறுக்கிப் பிழிந்தால் சீலன்ட் முழுவதும் வெளியே வந்துவிடும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது, வண்டி குலுங்கும்போது இழுத்துக் கொடுக்க அங்கே ஒரு கனம் வேண்டும் என்றார். ஒழுகலைத் தடுப்பது நடுவில் இருக்கிற அந்தப் படுக்கைதான், வெளியே தீற்றுகிற பூச்சு இல்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் பட்டறைக்காரர்கள் வசதியாக மறைக்கிறார்கள். ஏனென்றால் வெளியே தீற்ற அரை மணி நேரம் போதும், கழற்றி மாட்ட நாள் பிடிக்கும்.

சோதித்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சீலன்ட் காய்ந்தபின் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், வெளியே ஹோஸில் கீழ்ச் சட்டத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். எடுத்ததும் கூரையிலிருந்து ஊற்றினால் எங்கே நுழைகிறது என்று தெரியாது. இதைச் செய்து காட்டாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதல் பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார். "கண்ணாடின்னா உடையத்தானுங்க செய்யும்" என்பது அவர் சொன்ன பதில். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், அதற்கும் அவர் அசையவில்லை, அதனால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். வாடகைக்கு ஓட்டுகிற வண்டிக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று பட்டறையிலும் வெளியிலும் நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று விளக்கம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்கு மனுக் கட்டணம் கிடையாது, நடந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வெள்ளைத் தாள்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் இருக்கிற கையெழுத்தும் ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் எனக்கு இப்போது பெரிய பிடிமானமாக இருக்கிறது. கண்ணாடித் துண்டுகளையும் உரித்த சிலிக்கானையும் போட்டோ எடுத்து அப்படியே கட்டி வைத்திருக்கிறேன்.

ஈரோடு, கோபி, சத்தி, பவானி வட்டாரத்தில் சமீபத்தில் ஜன்னல் கண்ணாடி மாற்றியவர்கள், முக்கியமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்கள், நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையையும் பாருங்கள். முத்திரை இல்லையென்றால் அதை மாற்றும்வரை அந்த ஜன்னலோரம் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.